ஒரு வார்த்தை சொல்லாத அக்கா

அக்காவிடம் ஒரு கேள்வி கேட்டு நேராகப் பதில் வாங்கிய ஆள் எங்கள் கூட்டத்தில் ஒருத்தர்கூட இல்லை. டீ சொல்லவா என்று கேட்டால், "நீ என்னடா நினைக்கிற?" என்பார். மழை வரும் போலிருக்கிறதே, வெளியே காயப் போட்ட துணி பேனரை எடுத்து உள்ளே வைக்கலாமா என்றால், "உனக்கு என்ன தோணுது?" எனக்குத் தோன்றுவது கிடக்கட்டும், வானம் கறுத்துக்கொண்டு வருகிறது தாயே என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே நான்தான் ஓடிப்போய் எடுப்பேன். உள்ளே கொண்டுவந்து போட்டதும் அக்கா சிரித்துக்கொண்டே, "பாத்தியா, நீயே முடிவெடுத்துட்ட" என்பார். அந்தச் சிரிப்புக்காகவே அடுத்த தடவையும் போய்க் கேட்போம்.

பழங்காநத்தத்தில் எங்கள் தெருவுக்கு அக்கா ஒரு பயிற்சித் திட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தார். வடக்கே எங்கோ தலைமை அலுவலகம் வைத்திருந்த ஒரு நிறுவனம் அதை நடத்தியது. படம் வரைகிற, ஆடுகிற, பறையடிக்கிற இளவட்டங்களைச் சேர்த்து, அவரவர் கலையை வைத்தே அவரவர் தெருவுக்கு ஏதாவது செய்யவைத்து, எல்லாரையும் தலைவர்கள் ஆக்குவது திட்டம். ஆளுக்கொரு பனியன் கொடுத்தார்கள். முதுகில் 'நானே தலைவர்' என்று அச்சடித்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறினால் கண்டக்டர் சும்மா விடமாட்டார். "எந்தக் கட்சி தம்பி? புதுசா ஆரம்பிச்சிருக்கீகளோ?" என்பார். பஸ்ஸே சிரிக்கும். நான் போர்டு எழுத்து எழுதுகிறவன் என்று அதில் சேர்ந்தேன். இப்போது சிம்மக்கல்லில் ஒரு ஃபிளக்ஸ் கடையில் டிசைன் போடுகிறேன். தலைவன் ஆன லட்சணம் இதுதான்.

பூட்டிக் கிடந்த பழைய ரேஷன் கடைக் கட்டடம் ஒன்றை வார்டில் பேசி வாங்கியிருந்தோம். அதில்தான் கூடுவோம். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்களோடு வட்டமாகத் தரையில், அதுவும் வாசலை ஒட்டி உட்காருவார். மேடம் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே மாட்டார். ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு, பாட்டில் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு, சும்மா இருப்பார். அந்தச் சும்மா இருக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்லை. நம்ம ஊர்க்காரனால் பஸ் ஸ்டாப்பில்கூடப் பக்கத்தில் நிற்கிறவனிடம் பேசாமல் நிற்க முடியாது. எங்களில் ஒருவன் நெளிவான், ஒருவன் இருமுவான், பறையடிக்கிற பாண்டி தரையில் தாளம் போடுவான். கடைசியில் தாங்க முடியாமல் எவனாவது வாயைத் திறந்து மனசில் உள்ளதைக் கொட்டிவிடுவான். அக்காவுக்கு வேண்டியது அதுதான்.

எங்களை வாயைத் திறக்கச் சொல்லி அதுவரை யாரும் காத்திருந்ததில்லை. வீட்டில் "பொத்து", பள்ளிக்கூடத்தில் "உக்காரு", வேலைக்குப் போன இடத்தில் "சொன்னதைச் செய்". ஒரு பெரிய மனுஷி எதிரே உட்கார்ந்து, நீ சொல்லும்வரை நான் எழுந்திருக்க மாட்டேன் என்பது போலப் பார்த்தால், சொன்னால் சிரிப்பீர்கள், அழுகை வந்துவிடும். பாண்டி ஒருநாள் நிஜமாகவே அழுதான்.

எங்களில் நிஜமான கலைஞர் என்றால் ஜெயந்திதான். மற்றவர்கள் நாங்கள் எல்லாம் ஆசைக்குச் செய்கிற ஆட்கள். ஜெயந்தி பென்சிலால் ஒருத்தர் முகத்தைப் போட்டால் அவர் இருமுகிற சத்தம்கூடக் கேட்கும். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவருடைய மகள். ஒற்றை அறை வீடு. எல்லாரும் படுத்த பிறகு காலை நீட்டவே இடமிருக்காது, இதில் எங்கே தாளை விரித்து வரைவது? ரேஷன் கடைக் கட்டடத்துக்கு வந்த பிறகுதான் முழு அளவுத் தாளில் வரைந்தாள். ஆனால் பேசமாட்டாள். என்ன கேட்டாலும் துப்பட்டா நுனியைத்தான் பார்ப்பாள்.

கோயில் கொடைக்கு மேடைப் பின்புலம் வரைந்து தரச் சொல்லி ஒருநாள் விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் ரெண்டு செல்போன். வாசலில் நின்றபடியே, "ஏம்ப்பா, உங்க மேடம் எங்க? அவுககிட்டப் பேசிக்கிறேன்" என்றார். அக்கா அவர் காலடியில்தான் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்த்து, "இங்க ஓவியத்துக்குத் தலைவர் இவங்கதான் சார், இவங்ககிட்டக் கேளுங்க" என்று ஜெயந்தியைக் காட்டினார். ஜெயந்திக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. அந்த ஆள் அக்காவைப் பார்க்கிறார், ஜெயந்தியைப் பார்க்கிறார். அக்கா வழக்கம் போலச் சும்மா இருக்கிறார். வேறு வழியில்லாமல், "நீங்க சொல்லுங்கம்மா, எம்புட்டு நாளாகும்?" என்று ஜெயந்தியிடமே கேட்டார். பத்தொன்பது வயசுப் பிள்ளையை ஒரு வெள்ளைச் சட்டை 'நீங்க' என்று கூப்பிட்டதை எங்கள் தெருவில் அன்றுதான் பார்த்தோம். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து நாளைச் சொன்னாள், உபயம் கொடுத்தவர்கள் பெயர் எதுவும் படத்துக்குள்ளே வராது, ஓரத்தில்தான் வரும் என்றும் சொன்னாள். அவர் சரியென்று போனார்.

அதை ஜெயந்தியின் அப்பா ஆட்டோ ஸ்டாண்டு பூராவும் சொல்லித் தீர்த்தார். "எம்மக முன்னாடி கைகட்டி நின்னான்ப்பா" என்று, கட்டாத கையையும் கட்டிவைத்துச் சொன்னார். அதற்குப் பிறகுதான் ஜெயந்தி தைரியமாக வீட்டில் கேட்டாள்: கும்பகோணத்தில் ஓவியத்துக்கென்றே கல்லூரி இருக்கிறது, விண்ணப்பம் போடவா? அப்பா மாட்டேன் என்று சொல்லவில்லை. "பொம்பளப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் படம் வரையவா அனுப்புறதுன்னு நாலு பேரு கேப்பான். மொதல்ல உங்க சுவரு முடியட்டும். நம்ம தெருக்காரன் வாயால நல்லாருக்குன்னு வரட்டும். அப்புறம் நான் யாருக்குப் பயப்படணும்?" என்றார். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியிருக்கும் நீளச் சுவரில் நாங்கள் படம் வரையப் போகிற விஷயம் அப்போதே முடிவாகியிருந்தது. ஆக, எங்களுக்கு அது சுவர். ஜெயந்திக்கு அது கும்பகோணம்.

இந்த இடத்தில் பேரையூர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அக்காவைப் பற்றிப் பாதிதான் சொன்னதாகும். அதற்கு முந்தைய கோடையில் பேரையூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் எங்களுக்கு முகாம். வெயிலில் மண்டை பிளந்தது. அங்கே ஒரு பெரிய கிணறு. பாண்டி சட்டையைக் கழற்றிக்கொண்டு, "அக்கா, குதிக்கவா?" என்று கேட்டான். அக்கா எட்டிப் பார்த்தார். "நீ என்ன நினைக்கிற?" என்றார். பாண்டி என்ன நினைப்பான்? குதித்தான். தண்ணீர் இடுப்பளவுகூட இல்லை. கால் எலும்பு முறிந்து, கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முகாமில் சமைத்த அம்மா கரண்டியோடு வந்து அக்காவைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்டான்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீக?" அன்று ராத்திரி அக்கா சாப்பிடவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் பாண்டி மாவுக்கட்டோடு தூங்கினான். நான் அக்காவுக்குப் பக்கத்து சீட். கேட்காமலே சொன்னார்: "எனக்கு என்ன படிப்புன்னு எங்கப்பா முடிவு பண்ணாருடா. யாரைக் கட்டிக்கணும்னு எங்க மாமா முடிவு பண்ணாரு. கட்டிக்கிட்ட ஆளு, நான் யார் கூடப் பேசணும், என்ன சேலை கட்டணும்னு முடிவு பண்ணாரு. அதுல இருந்து வெளிய வந்த அன்னைக்கு ஒண்ணு நினைச்சேன். இன்னொருத்தர் வாழ்க்கையில நான் வாயை வைக்க மாட்டேன்." எனக்கு அப்போது அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போலிருந்தது. பாண்டியின் கால் எதிர் சீட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. ரெண்டும் உண்மை, என்ன செய்ய?

சுவர் விஷயத்துக்கு வருகிறேன். தெருவில் உள்ள சாதாரண ஆட்களின் முகங்களைப் பெரிதாக வரைவது என்று வட்டத்தில் முடிவெடுத்தோம். மதுரைச் சுவர்களில் எவனெவன் மூஞ்சியோ பல்லைக் காட்டுகிறது, நம்ம இட்லிக்கடை அம்மா முகம் இருந்தால் என்ன? இட்லிக்கடை அம்மா, டெய்லர் தாத்தா, குப்பை வண்டி ஓட்டும் அக்கா என்று எட்டுப் பேர். கேட்டதும் எல்லாருக்கும் தாங்க முடியாத சந்தோஷம். பட்டுச் சேலை கட்டி வந்து போட்டோவுக்கு நின்றார்கள். ஜெயந்தியின் பலம் கறுப்பு வெள்ளை. அதனால் முகங்கள் கறுப்பு வெள்ளையில். அப்படியே விட்டால் வறட்சியாக இருக்கும் என்று ஒவ்வொரு முகத்தைச் சுற்றியும் மஞ்சள் செவ்வந்திப் பூக்கள். சாம்பல் நிற முகம், சுற்றிப் பளீரென்று மஞ்சள். ஸ்கெட்சைப் பார்த்து, "மாப்ள, வெளிநாட்டுக்காரன் வந்து போட்டோ எடுப்பான்டா" என்று பாண்டி குதித்தான். கீழே பெயர் எழுதுவது என் வேலை. ஸ்கெட்சை அக்காவிடம் கொடுத்தோம். ரொம்ப நேரம் பார்த்தார். "எல்லாரும் சேந்து எடுத்த முடிவுதானே?" என்றார். ஆமாம் என்றோம். "அப்ப சரி" என்று திருப்பிக் கொடுத்தார்.

திறக்கிற நாள்வரை யாரும் பார்க்கக் கூடாது என்று பழைய ஃபிளக்ஸ்களைக் கட்டி மறைத்து வரைந்தோம். டெய்லர் தாத்தா மட்டும் தினமும் நுனியைத் தூக்கி எட்டிப் பார்த்து, "என் மூக்கு இம்புட்டுப் பெருசாவா இருக்கு?" என்று ஜெயந்தியை வம்புக்கு இழுப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே திரண்டிருந்தது. ஜெயந்தியின் அப்பா ஆட்டோவைக் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார். பாண்டி பறையை அடித்தான். ஃபிளக்ஸை இழுத்தோம்.

ஒருத்தரும் கைதட்டவில்லை.

இட்லிக்கடை அம்மா தன் முகத்துக்கு முன்னால் போய் நின்றார். வாயில் கைவைத்தார். "அடப் பாவிகளா! உசுரோட இருக்கவளுக்கு மாலையைப் போட்டு மாட்டிட்டீகளேடா!" அந்த வார்த்தை காதில் விழுந்த நொடியில்தான் எங்களுக்கும் தெரிந்தது. ஒவ்வொரு வீட்டு நடுக்கூடத்திலும் அப்படித்தான் இருக்கும். கறுப்பு வெள்ளை முகம், சுற்றிச் செவ்வந்தி மாலை, கீழே பெயர். எட்டுப் பேருக்கும் நாங்கள் அஞ்சலி எழுதி வைத்திருந்தோம். எத்தனை தடவை பார்த்த சுவர், எத்தனை தடவை எழுதிய பெயர், ஒருத்தன் புத்திக்கும் எட்டவில்லை. அழகு மட்டுமே கண்ணில் நின்றது.

அன்றைக்கு மானத்தைக் காப்பாற்றியது டெய்லர் தாத்தாதான். "விடுங்கப்பா. நான் போனா போட்டோவுக்குச் செலவில்ல, இப்பிடியே ஒரு சூடத்தைக் கொளுத்திருங்க" என்றார். கூட்டம் சிரித்தது. முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. ஜெயந்தியின் அப்பாகூட, "பூவ மட்டும் அழிச்சு விட்டுட்டா சரியாப் போகும்ல? முகம் அப்பிடியே அச்சாத்தான் இருக்கு" என்றார்.

சரியாகத்தான் போயிருக்கும். நாலு மணி நேர வேலை. ஆனால் நாங்கள் தலைவர்கள் ஆயிற்றே, வட்டம் போட்டோம். ஜெயந்தி பூவை அழிக்கலாம் என்றாள். பாண்டி, "கலைஞன் ஊருக்குப் பயந்தா எப்பிடி?" என்று எகிறினான். ரெண்டு பேர் அவன் பக்கம், ரெண்டு பேர் இவள் பக்கம். நான் அக்காவைப் பார்த்தேன். எல்லாருமே பார்த்தோம். "இன்னும் ஒருமித்து வரலையே" என்றார் அக்கா. "ஒரு வாரம் யோசிங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி பேசுங்க."

வெள்ளிக்கிழமை டெய்லர் தாத்தா இறந்துபோனார். ஏற்கெனவே நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். மெஷினில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார். அது தெருவில் யாருக்கு வேண்டும்? "படத்தப் போட்டாங்க, ஆளு போயிட்டாரு" என்றார்கள். சாயங்காலத்துக்குள் அது "அந்தப் பிள்ள வரஞ்சா ஆளு தங்காது" என்று ஆகிவிட்டது. துக்கம் கேட்கத் துட்டி வீட்டுக்கு ஜெயந்தி போனபோது, பெண்கள் பக்கத்திலிருந்த குழந்தைகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

மறுநாள் காலையில் இட்லிக்கடை அம்மா ரேஷன் கடை வாசலுக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை, அழுதுகொண்டு வந்தார். "தாயி, என் மூஞ்சிய அழிச்சு விட்டுரும்மா. உன் மேல எனக்குக் கோவமில்ல. நான் இன்னும் பேத்தி கல்யாணத்தப் பாக்கணும்." அவருக்குப் பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். நாங்கள் அழிக்கிறோம் என்று நானும் பாண்டியும் பிரஷ்ஷை எடுத்தோம். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வரைந்த கைதான் அழிக்க வேண்டுமாம். ஜெயந்தி சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். ஒவ்வொருவரும் அவரவர் முகம் முழுக்க மறைகிறவரை பக்கத்தில் நின்று சரிபார்த்துவிட்டுப் போனார்கள். தாத்தாவின் முகத்தை அழிக்க யாரும் வரவில்லை. அதையும் அவளே அழித்தாள்.

அன்று நான் அக்காவைக் கேட்டேன். "ஸ்கெட்ச் பாக்கும்போதே உங்களுக்குத் தெரிஞ்சிச்சாக்கா?" அக்கா பொய் சொல்லத் தெரியாதவர். "தோணுச்சுடா" என்றார். "எங்கம்மா படம் எங்க வீட்டுல அப்பிடித்தான் இருக்கு."

"அப்ப ஏன்க்கா சொல்லல?"

"நான் சொல்லிட்டா அது என் சுவரு ஆயிருமேடா."

எனக்கு வந்த கோபத்தில் வாளியை எட்டி உதைத்தேன். யாருடைய சுவராக இருந்தால் என்ன? யாருக்கு வேண்டும் சுவர்? அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. போன மாதம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் அக்காவைத் தூரத்திலிருந்து பார்த்தேன். முடி நரைத்துவிட்டது. ஒரு பெரியவர் அவரிடம், "தேனி பஸ் எங்கம்மா நிக்கும்?" என்று கேட்டார். அக்கா கையைக் காட்டி, "அந்தா, அந்த ரெண்டாவது வரிசைங்கய்யா, சீக்கிரம் போங்க, எடுக்கப் போறான்" என்றார். தெளிவாக, சத்தமாக. எனக்கு வயிறு எரிந்தது. இதற்கெல்லாம் பதில் வருகிறதே உங்களுக்கு! போய்ப் பேசவில்லை. பேசியிருந்தால் அழுதிருப்பேன், அவர் மேல் உள்ள பாசமும் போய்த் தொலையவில்லை.

சுவரை அழித்ததற்கு அடுத்த நாள்தான் ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் மறுபடி பேச வேண்டிய நாள். கல்லூரி விண்ணப்பத்துக்கும் மறுநாள்தான் கடைசி. வட்டமாக உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் ஜெயந்தியின் அப்பா வந்தார். காக்கிச் சட்டையோடு, செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசலில் நின்றார். பின்னால் ஜெயந்தி. அக்கா எழுந்து நின்றார்.

"மேடம், நான் படிக்காதவன்" என்று ஆரம்பித்தார் அவர். "ஊரே எம்மக கைய ஆகாத கைங்குது. ஸ்டாண்டுல என் வண்டியில ஏறவே ரெண்டு பேரு யோசிக்கிறான். வீட்டுல இவ ஆத்தா ரெண்டு நாளா சோறு திங்கல. எனக்கு என்ன செய்யுறதுன்னு தெரியல. நீங்க படிச்சவுக, நாலு ஊரு பாத்தவுக. அதெல்லாம் ஒண்ணுமில்லைய்யா, பிள்ளைய அனுப்புன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. இப்பவே அனுப்புறேன். எவன் கேட்டாலும் மேடம் சொன்னாகன்னு சொல்லிக்கிருவேன்."

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். சாய்ந்துகொள்ள இன்னொருவர் பேரில் ஒரு வார்த்தை. நாங்கள் எல்லாரும் அக்காவின் முகத்தையே பார்த்தோம். நான் கும்பிடாத குறை. சொல்லுங்கக்கா, இந்த ஒரு தடவை சொல்லித் தொலையுங்கள்.

அக்காவின் கண் கலங்கியிருந்தது. உதடு அசைந்தது. பிறகு, "இதுல நான் முடிவு சொல்லக் கூடாதுண்ணே" என்றார். "ஜெயந்தி வாழ்க்கை அது. அவளைக் கேளுங்க. ஜெயந்தி, நீ என்னம்மா நினைக்கிற?"

முந்தின நாள் எட்டு முகங்களைச் சுண்ணாம்பால் மூடியவள். அப்பா பக்கத்தில் நிற்கிறார், அம்மா வீட்டில் பட்டினி கிடக்கிறாள், அவள் என்ன நினைப்பாள்? நகக்கண்ணில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டே, "அப்பா சொல்றதுதான்க்கா" என்றாள்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். அக்கா சும்மா இருந்தார். எங்களையெல்லாம் பேசவைத்த அதே சும்மா. அந்த மனுஷனுக்கு அது வேறு மாதிரிப் புரிந்தது. அவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன். கோபம் இல்லை, பயம்.

"மேடமே வாயத் தொறக்க யோசிக்கிறாகன்னா..." என்று மகளைப் பார்த்தார். "அப்ப என்னமோ இருக்குத்தானத்தா. வா, போவோம்."

ஜெயந்தி ஒரு தடவை அக்காவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் எதையும் வரையவில்லை. கல்யாணமாகி இப்போது அதே தெருவில்தான் இருக்கிறாள். விடிந்ததும் அவள் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு ஒதுங்கி நிற்கிறாள். மாமியார் வந்து கோலம் போடுகிறார்.